ஆமாம் என்று சொன்ன கடைத்தெரு

நாற்பத்தொரு வயதாகி, இடுப்புக்கு பெல்ட்டும் கண்ணுக்குத் தடித்த கண்ணாடியும் வந்த பிறகும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். அண்ணன் வைத்த பெயர். அவனுக்குப் பதினோரு வயது இளையவளாகப் பிறந்த குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. கல்யாணப் பத்திரிகையில் சரியான பெயரை அச்சடித்துக் கொடுத்தும், கணவன் ஒரே வாரத்தில் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். போய்த் தொலையட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். போய்த் தொலையட்டும் என்று விடுவது அவளுக்குக் கைவந்த கலை.

ஒரே கம்பெனியில் பல வருஷமாக வெப்சைட் வேலை. கேட்பவர்கள் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்வார்கள். கண்காணாத தேசத்து இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் வெப்சைட்டில், பணம் கட்டும் பக்கத்தில், வலது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அந்தப் பெட்டிக்கு அவள் பொறுப்பு. நீலமாக்கு என்பார்கள், ஆக்குவாள். ஆறு மாதம் போனால் பச்சையாக்கு என்பார்கள். பச்சையாக்கலாமா என்று பேச ஒரு கூட்டம், ஆக்கியாயிற்று என்று சொல்ல இன்னொரு கூட்டம். அந்தப் பெட்டியை யார் அழுத்துகிறார்கள், அழுத்தி என்ன ஆனார்கள் என்பது ஒருநாளும் அவளுக்குத் தெரிந்ததில்லை. இந்தப் பெட்டிக்குள்ளேயே தன் ஆயுசு போய்விடும் என்று சில சாயங்காலங்களில் அவளுக்குத் தோன்றும். பிறகு பஸ் வந்துவிடும்.

அந்தப் பெட்டிக்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. இந்த ஊரில் இருக்கும் கிளையை மூடப் போகிறார்கள். ஒரு ராத்திரிப் பயணத் தொலைவில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு வந்தால் வேலை உண்டு, வராதவர்களுக்கு வாழ்த்துகள். மாதக் கடைசி திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கணவனுக்கு ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலை, அவனால் அசைய முடியாது. மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அவளை நடுவில் பிடுங்கி நட முடியாது. ஆக, போனால் பாப்பா ஒருத்திதான் போக வேண்டும். அங்கே ஒரு அறை பார்த்துத் தனியாகப் பொங்கித் தின்று, மாதத்துக்கு இரண்டு முறை பெட்டியோடு வந்து போக வேண்டும்.

அவளுக்குப் போக இஷ்டமில்லை. அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். மகளின் ஈரத்துண்டு கட்டில்மேல் கிடப்பதைப் பார்த்துக் கத்துவதற்குக்கூட ஊரில் இருக்க வேண்டுமே என்று அவளுக்கு அழுகை வந்தது. அப்படி அழுத ஒரு நாளில்தான் அந்த யோசனை வந்தது. வேலையை விட்டுவிட்டு, சின்னச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்தால் என்ன? எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்த ரெடிமேட் சரக்கு வேண்டாம். கடைக்காரரின் எதிரே உட்கார்ந்து, அவர் என்ன விற்கிறார், யாருக்கு விற்கிறார் என்று கேட்டுக்கேட்டு, அளவெடுத்துத் தைத்த சட்டையாட்டம் அவருக்கென்றே செய்து கொடுப்பது. முகம் தெரிந்த ஒருவருக்கு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, முழுசாக ஒன்று.

கணவன் குறுக்கே நிற்கவில்லை. அவன் எதற்குமே குறுக்கே நிற்காதவன். ஆனால் லேப்காரன், சோதிக்காமல் எதையும் நம்ப மாட்டான்.

"மொதல்ல கடைத்தெருவுல போய்க் கேளு" என்றான். "நெசமாவே வேணும்னு பத்துக் கடை சொல்லட்டும். அன்னிக்கே ராஜினாமா எழுது, நான் எதுவும் சொல்லல. சொல்லலன்னா கெளம்பு. பொண்ண நான் பாத்துக்கறேன்."

"பத்து போதுமா?"

"பத்து கெடச்சா மிச்சம் தானா வரும். பத்தே கெடைக்கலன்னா, ஆசையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

நியாயமான பேச்சு. நியாயமாகப் பேசுகிறவர்களோடு சண்டைகூடப் போட முடியாது என்பதுதான் அதில் உள்ள அலுப்பு.

அண்ணன் அந்தக் கடைத்தெருவுக்கே ஆடிட்டர். மருந்துக் கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். வரிக் கணக்கு எழுத வந்தவர்கள், வரி ஆபீஸிலிருந்து காகிதம் வந்து பதறி ஓடி வந்தவர்கள் என்று மாடிப்படியில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட தலைமுறை ஓய்ந்துபோய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாப்பா வீட்டில் சாப்பாடு. வருவான், மருமகளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டுவான், சாப்பிடுவான், போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விடுவான். அவன் யாரிடமும் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்துபோய்த் தானே எடுத்து வருவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வேலை வெளியூருக்கு மாறுவதைப் பற்றி அவள் சொன்னபோது அவன் எழுந்து போனான். கை கழுவினான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றான். கடைகளுக்கு வெப்சைட் என்ற யோசனையைச் சொன்னதும்தான் திரும்பிப் பார்த்தான்.

"கடைங்கதானே? நான் சொல்லி வெக்கறேன்."

"வேணாம்ணா. நானே போய்க் கேட்டுக்கறேன். உன் பேரச் சொன்னா முகத்துக்காகச் சொல்லுவாங்க. எனக்கு நெசமான பதில் வேணும்."

"உன் பேரையெல்லாம் எடுக்க மாட்டேன். யாரோ என்னமோ விக்க வந்திருக்காங்கன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க பாப்பா. உள்ள உக்கார வெக்கணும்ல? அதுக்கு ஒரு வார்த்தை."

அவள் அப்போது அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். அன்று காலையிலிருந்து துணி துவைத்த களைப்பு. சரி, போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறு சனிக்கிழமை கேட்கக் கிளம்பினாள். முதலில் பெயிண்டும் ஆணியும் விற்கும் கடை. கல்லாவில் இருந்தவர் ஒரு ஆளிடம் கதவுக் கீலுக்காகத் தொண்டை கிழியப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். இவள் தன் பெயரைச் சொல்லி, "வெப்சைட் விஷயமா வந்திருக்கேன்" என்றதும் பேரத்தை அப்படியே விட்டார். கீலை அந்த ஆள் கேட்ட விலைக்கே தள்ளிவிட்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உங்க கடைக்குன்னு தனியா ஒரு வெப்சைட் வேணுமா?"

"ஆமாம், வேணும்."

அவள் அசந்துபோனாள். இதற்கு முன்னால் எத்தனையோ விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

"எதுக்கு வேணும்னு சொல்ல முடியுமா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

அவர் கொஞ்சம் விழித்தார். "எதுக்குன்னா... வேணும். கண்டிப்பா வேணும். மத்ததெல்லாம் ஆடிட்டர் சாருக்குத் தெரியும்."

சலவைக் கடையிலும் ஆமாம், வேணும். மூக்குக் கண்ணாடிக் கடையிலும் ஆமாம், வேணும். சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தவர், ஈரக்கையோடு எழுந்து நின்றே சொன்னார். சோபாவுக்கு உறை தைப்பவர், இவள் கேள்வியை முடிப்பதற்கு முன்பே தலையாட்டிவிட்டார். தெருவின் ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனைக்கு வருவதற்குள் பத்து எப்போதோ தாண்டிவிட்டது. வேணாம் என்று ஒரு கடை, ஒரே ஒரு கடை சொல்லவில்லை. இத்தனை வருஷமாக இத்தனை பேர் தனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்களா என்று நினைத்தாள். பாவம், அப்படித்தான் நினைத்தாள். பெட்டியை நீலமாக்கிப் பச்சையாக்கியே தேய்ந்துபோன ஒருத்திக்கு அப்படி நினைக்க ஆசையாக இருக்காதா?

வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து கணவனிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவன் சந்தோஷப்பட்டான். பாத்திரம் தேய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவன், கையை உதறிவிட்டுத் திரும்பினான்.

"ஒருத்தராவது என்ன விலைன்னு கேட்டாங்களா?"

"இல்ல."

"எத்தனை நாள்ல முடியும்னு?"

"கேக்கல. நம்பிக்கைதான்."

"ம்" என்றான். அவனுடைய 'ம்' அவளுக்குப் பிடிக்காது. "லேப்புக்கு வர்றவங்க சில பேரு, சர்க்கரை கம்மியாக் காட்டணும்னு மொத நாளே பட்டினி கெடந்துட்டு வருவாங்க. ரிசல்ட் ரொம்ப நல்லா இருக்கும். பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிடும்."

"இப்ப என்ன சொல்ல வர்றீங்க?"

"எதுவும் சொல்லல. ராஜினாமாவை எழுதி வெச்சுக்கோ. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு கடைக்காவது போய் உக்காந்து வேலையை ஆரம்பி. அவ்வளவுதான்."

அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் படுத்தாள். ஆனால் ராஜினாமாவை எழுதினாளே தவிர, அனுப்பவில்லை.

வேலையை ஆரம்பிக்க அவள் தேர்ந்தெடுத்தது போட்டோவுக்கு பிரேம் போடும் கடை. ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக நடத்தும் கடை. சுவர் முழுக்க மாதிரிக்கு வெட்டிய பிரேம் மூலைகள் மாட்டியிருக்கும், கறுப்பு, பொன்னிறம், தேக்கு நிறம் என்று. படம் எடுத்துப் போட்டால் பார்க்க அழகாக இருக்கும் என்று பாப்பா கணக்குப் போட்டிருந்தாள். வருகிறேன் என்று முந்தின நாளே போனில் சொல்லிவிட்டுப் புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுப் போனாள்.

அந்த அம்மா ரேடியோவை நிறுத்தினாள். கண்ணாடி வெட்டும் மேஜையை முன்கூட்டியே துடைத்து வைத்திருந்தாள். மேஜைமேல் கடை லைசென்ஸ், கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம், நூலால் கட்டிய பில் கட்டுகள் எல்லாம் வரிசையாக இருந்தன.

"இதெல்லாம் எதுக்கும்மா? நான் உங்க வேலையை நாலு போட்டோ எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எடுத்துக்கோங்க. இங்க மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டு, சுவரோரமாகப் போய் விறைப்பாக நின்றுகொண்டாள்.

பாப்பா இரண்டு படம் எடுத்தாள். இரண்டிலும் அந்த அம்மா பாஸ்போர்ட்டுக்கு நிற்பவளாட்டம் நின்றாள். பிறகு உட்கார்ந்து, தன் கேள்விகளை எடுத்தாள்.

"வெப்சைட்டைத் தெறந்ததும் மொத பக்கத்துல என்ன இருக்கணும்னு நெனைக்கறீங்க?"

"என்னென்ன இருக்கணுமோ அதெல்லாம் இருக்கு. நான் ஒரு வருஷம்கூட விட்டது இல்ல."

"அது இல்லம்மா. உங்களைத் தேடி வர்றவங்க என்ன கேக்கறாங்க? அதைப் போடலாம்னு பாக்கறேன்."

"என்னைத் தேடியா?" அந்த அம்மாவின் முகம் வெளிறியது. "யார் தேடி வராங்க?"

அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க?"

"ஆபீஸா? நான் எந்த ஆபீஸும் இல்லம்மா."

"வரி ஆபீஸ் இல்லையா?"

"இல்லவே இல்லம்மா. ஆடிட்டர் சார் உங்ககிட்ட என்ன சொன்னாரு? அதை அப்படியே சொல்லுங்க."

அந்த அம்மா சொல்வதா வேண்டாமா என்று வாசலைப் பார்த்தாள். கடைசியில் சொல்லிவிட்டாள். "ஒரு அம்மா வருவாங்க, வெப்சைட் வேணுமான்னு கேப்பாங்க, ஆமாம் வேணும்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு மேல எதுவும் வாயைத் தெறக்காதீங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்னாரு. வழக்கமா ஆபீசருங்க வர்றதுக்கு முன்னாடி அவரு அப்படித்தானே சொல்லிக் கொடுப்பாரு? பில் போடறீங்களான்னு கேட்டா ஆமாம்னு சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்னு. அதான், வெப்சைட்டும் புதுசா வந்த சட்டம்போலன்னு நாங்கெல்லாம் பேசிக்கிட்டோம். பெயிண்ட் கடைக்காரரு ரெண்டு நாளாச் சரியா சாப்பிடக்கூட இல்லையாம்."

பாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிற்பாடு இதை நினைத்துச் சிரித்தது வேறு விஷயம். அன்றைக்கு அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அவமானமாக இருந்தது. அவர்களை எழுந்து நிற்கவைத்ததும், ஸ்டூலைத் துடைக்கவைத்ததும், பேரத்தைப் பாதியில் விடவைத்ததும் வெறும் பயம். அதை ஆசை என்று எண்ணி அவள் வீடு வரை சுமந்துகொண்டு போயிருந்தாள்.

"நான் அவரோட தங்கச்சிம்மா" என்றாள். "வேலையை விட்டுட்டு இதைத் தொழிலாப் பண்ணலாமான்னு கேட்டுப் பாக்க வந்தேன். சட்டமெல்லாம் இல்ல. வேணும்னா வெச்சுக்கலாம், வேணாம்னா விட்டுடலாம்."

"தங்கச்சியா?" அந்த அம்மா கன்னத்தில் கை வைத்தாள். அப்புறம் பெருமூச்சு விட்டாள். அப்புறம் சிரித்தாள், மேஜையில் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அடிப்பாவி, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? உசுரே போயிருச்சு எனக்கு!"

"இப்ப சொல்லுங்க. வேணுமா?"

"எனக்கு எதுக்கும்மா? இந்தத் தெருவுல பிரேம் போடறவ நான் ஒருத்தி. செத்தவங்க படம், கல்யாணம் ஆனவங்க படம், ரெண்டுமே உடனே வேணும்னுதான் ஓடி வருவாங்க. கம்ப்யூட்டர்ல பாத்துட்டா வரப் போறாங்க?" பில் கட்டுகளை எடுத்து மறுபடி அலமாரியில் சொருகினாள். டீ வரவழைத்தாள். பாப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாடிய முகத்தோடு இருப்பதைப் பார்த்ததும் அவளுக்கே பாவமாகிவிட்டது. "ஒண்ணே ஒண்ணு பண்ணிக் குடுப்பியா? போன்ல வழி காட்டுதே, அதுல என் கடையைப் பின்னாடி தெருவுல காட்டுதாம். ஜனங்க அங்க போய்ச் சுத்திட்டு என்னைத் திட்டறாங்க."

பாப்பா போனை எடுத்து அதைத் திருத்திக் கொடுத்தாள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு அந்த அம்மா கொடுத்த ஆசீர்வாதம் கொஞ்சநஞ்சமில்லை.

அதோடு விடாமல், வெள்ளிக்கிழமையும் லீவு சொல்லிவிட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கே வேறு கடைத்தெரு, அண்ணனை யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை வேணுமா என்று எடுத்த எடுப்பில் கேட்கவில்லை. வாடிக்கைக்காரர் கடைசியாக எதைக் கேட்டு போன் செய்தார், அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். கடை திறந்திருக்கா என்று கேட்டார்கள், திறந்திருக்கு என்று சொன்னேன் என்றார் ஒருவர். புதுச் சரக்கைப் படம் எடுத்து போனில் அனுப்பிவிடுகிறேன், அதுவே போதும் என்றாள் துணிக்கடைப் பெண். பூட்டுக் கடைக்காரர், என் அண்ணன் மகன் எப்பவோ ஒன்று செய்து கொடுத்தான், அது எங்கே இருக்கிறதென்று அவனுக்கே தெரியாது என்றார். ஒருவர் வெயிலில் நிற்காதே என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார். யாரும் எழுந்து நிற்கவில்லை, யாரும் ஆமாம் என்று சொல்லவும் இல்லை. மரியாதையாக, நேரடியாக, கொட்டாவியோடு வேண்டாம் என்றார்கள். கால் கடுக்கப் பாலத்தில் ஏறித் திரும்பி வரும்போது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தான் நல்ல துணியை வைத்துக்கொண்டு, சட்டை வேண்டாதவர்களுக்கு அளவெடுக்க அலைகிறோம் என்று தோன்றியது. அலுப்பு மட்டும் இருந்தது, எலும்பு வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பிட வரவில்லை. பிரேம் கடை அம்மா கடைத்தெரு முழுக்க விஷயத்தைப் பரப்பியிருப்பாள், அது அவன் காதுக்கும் போயிருக்கும். பாப்பா சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு மாடி ஏறினாள். லீவு நாள், படிக்கட்டில் ஒருவரும் இல்லை. உள்ளே ஃபைல் கட்டுகளுக்கு நடுவில் அவன் தலை மட்டும் தெரிந்தது.

"சாப்பிடு" என்று டப்பாவை வைத்தாள்.

அவன் திறந்து சாப்பிட ஆரம்பித்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதி சாப்பிட்ட பிறகு, சோற்றைப் பார்த்துச் சொன்னான்: "நான் சட்டம்னு ஒரு வார்த்தை சொல்லல."

"தெரியும்."

"அவங்களா நெனச்சுக்கிட்டாங்க."

"ஒரு அம்மா வருவாங்கன்னு சொன்னியாமே. சொல்றதுதான் சொன்ன, தங்கச்சின்னு சொல்றதுக்கு என்ன?"

"தங்கச்சின்னு சொன்னா, உதவி கேக்கற மாதிரி ஆயிடும்." கொஞ்சம் மென்றான். "எனக்கு அப்படிக் கேட்டுப் பழக்கம் இல்ல. அவங்ககிட்ட எப்படிப் பேசுவேனோ அப்படிப் பேசினேன். அந்த ஒரு மாதிரிதான் எனக்குத் தெரியும்."

அவளுக்கு அவன்மேல் ஆத்திரமாகவும் வந்தது, அள்ளி அணைத்துக்கொள்ளலாம் போலவும் வந்தது. எதிரில் இருந்த ஃபைல்களை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்றான் அவன். குரலில் ஆடிட்டர் திரும்பி வந்திருந்தான். "சட்டம் இல்லன்னு தெரிஞ்சாலும் நான் சொன்னா பண்ணிப்பாங்க. இந்தத் தெருவுல எனக்கு இல்லன்னு எவனும் சொல்ல மாட்டான். நீ பாட்டுக்கு ஒவ்வொண்ணா பண்ணிக் குடு. நாளைக்கு ராஜினாமாவை அனுப்பு. உன் வீடு, உன் பொண்ணு, எல்லாம் இங்கயே இருக்கும். நீ எங்கயும் போக வேணாம்."

நடக்கக்கூடியதுதான். அதுதான் அவளைப் படுத்தியது. மகளின் ஈரத்துண்டு, சாயங்கால பஸ், கணவனின் 'ம்', எல்லாம் அவளுக்கே மிஞ்சும். ஒரு தலையாட்டலில் முடிந்துவிடும். பெயிண்ட் கடைக்காரர் பண்ணிக்கொள்வார், சலவைக் கடைக்காரர் பண்ணிக்கொள்வார். பண்ணிக்கொண்டு, ஒருநாளும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள். யாரும் திறக்காத முப்பது வெப்சைட்டை அவள் உட்கார்ந்து ஆசை ஆசையாகச் செய்ய வேண்டும்.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். உன் ஆபீசுக்கு ஒரு வெப்சைட் வேணுமா?"

"எனக்கெதுக்கு?" என்றான் அவன், சோற்றைப் பிசைந்தபடி, யோசிக்கவே இல்லாமல். "வர்றவன்லாம் தெரிஞ்சவன். படியேறி வந்துடறான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கை டப்பாவிலேயே நின்றுவிட்டது. கடைத்தெருவில் அவளுக்கு மிச்சமிருந்த கடை இது ஒன்றுதான், இதுவும் முடிந்தது. அவள் போனை எடுத்தாள். ராஜினாமாவை அழித்தாள். தலைமை அலுவலகத்துக்கு வருகிறேன், முதல் தேதியிலிருந்து வேலைக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதினாள். அனுப்பாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தனை கடைக்குப் படியேறி எறங்கியிருக்கியேண்ணா" என்றாள். "எல்லார்கிட்டயும் சொல்லிக் கொடுத்தியே. என்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, போகாதன்னு."

"சொன்னா இருந்திருப்பியா?"

"இருந்திருக்க முடியாது. ஆனா சொல்லியிருக்கலாம்."

அண்ணன் எழுந்து போய்க் கை கழுவினான். குழாயை மூடின பிறகும் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஐம்பத்திரண்டு வயது, முதுகு லேசாகக் கூன் விழுந்திருந்தது. பின்னாலிருந்து பார்க்க அப்பாவாட்டம் இருந்தான். பிறகு, திரும்பாமலே, வரி ஆபீஸ் காகிதத்தோடு படியேறி வருகிறவர்கள் பேசுவார்களே, அப்படி ஒரு குரலில் பேசினான்.

"போகாத பாப்பா. ஞாயித்துக்கிழமை நான் எங்க போவேன்?"

பாப்பாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொண்டு, துடைத்த விரலாலேயே போனை அழுத்தி அனுப்பினாள். பிறகு எழுந்து போய், அவன் கையில் துண்டைக் கொடுத்தாள்.

"எங்க வீட்டுக்குத்தான் போவ" என்றாள். "அவருக்கு நல்லா சமைக்கத் தெரியும். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போடுவாரு. அதை நீ அவர்கிட்ட வாயைத் தெறந்து சொல்லணும்."